அம்மாயிக்கு அம்மாயி யார்? தாய்வழி மரபணுத் தேடல்: சேலம், சேர்வராயன் மலைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ எந்த வழியைக் காட்டும்?

நம் செல்லின் நடுவே இருக்கும் உட்கருவில் அப்பா பாதி, அம்மா பாதி என்று கலந்த டிஎன்ஏ இருக்கிறது. அதற்கு வெளியே, செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஏ, சி, ஜி, டி என்ற நான்கு வேதி எழுத்துகளால் ஆன, 16,569 எழுத்து நீளத்தில் வளையமாக ஒரு சின்ன டிஎன்ஏ உண்டு. அதில் மொத்தம் 37 மரபணுக்கள். கரு உருவாகும்போது விந்தணுவோடு வரும் மைட்டோகாண்ட்ரியா அழிந்துவிடும். முட்டையில் இருப்பது மட்டும் மிஞ்சும். அதனால் இந்த வளையம் அம்மாவிடமிருந்து பிள்ளைகளுக்கு, அதில் மகள்கள் வழியாக மட்டும் அடுத்த தலைமுறைக்கு என்று போய்க்கொண்டே இருக்கும். ஆணுக்கும் இது உண்டு, ஆனால் அவரோடு நின்றுவிடும்.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். பத்துத் தலைமுறை பின்னால் போனால் உங்கள் முன்னோர் இடங்கள் 1,024. இந்தச் சோதனை அதில் ஒரே ஒரு பெண்ணைப் பற்றிப் பேசும். மற்ற 1,023 இடங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. ஆனால் அந்த ஒரு பெண் பெரும்பாலும் எந்தப் பத்திரத்திலும் பெயர் ஏறாதவள். குலதெய்வம், கூட்டம், பங்காளி வகையறா எல்லாம் அப்பா வழியில் போகிற நம் ஊரில், அவளை எட்டிப்பிடிக்க வேறு வழி மிகக் குறைவு. அதற்காகவே இந்த வேலை செய்யத் தகுந்தது.

யாருடைய எச்சிலைக் கொடுக்க வேண்டும்? பாட்டி உயிரோடு இல்லை.

உங்கள் தாய்வழிக்குப் பாட்டி தேவையே இல்லை. நீங்கள் கொடுத்தாலே போதும். உங்கள் அம்மா, அம்மாயி (அம்மாவின் அம்மா), பெரியம்மா, சின்னம்மா, அவர்கள் பிள்ளைகள், தாய்மாமன் எல்லோரிடமும் இருப்பது ஒரே வளையம்தான். தாய்மாமனின் பிள்ளைகளிடம் மட்டும் இருக்காது. அவர்களுக்கு அவர்கள் அம்மாவுடையது வரும்.

அப்பாவைப் பெற்ற பாட்டியின் வழி தெரிய வேண்டுமானால் அப்பா கொடுக்கலாம். அவர் இல்லையென்றால் அப்பாவின் உடன்பிறந்த அத்தை, அல்லது அத்தையின் மகனோ மகளோ கொடுக்கலாம். பெரியப்பாவும் சித்தப்பாவும்கூடச் சரி, ஆனால் அவர்கள் பிள்ளைகள் உதவ மாட்டார்கள். தாத்தாவுக்கு இரண்டு தாரம் இருந்திருந்தால் யார் எந்தத் தாரத்துப் பிள்ளை என்பதை முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டில் எல்லோரையும் ஒன்றாகவே ‘அத்தை’ என்று கூப்பிட்டு வளர்ந்ததால் தப்பான ஆளிடம் மாதிரி எடுத்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

அம்மாவின் அப்பா, அதாவது அப்புச்சியின் தாய்வழி வேண்டுமென்றால் அப்புச்சி, அவர் சகோதரிகள், அந்தச் சகோதரிகளின் பிள்ளைகள் என்று தேடுங்கள். ஒரு பெண்ணுக்கு மகளே இல்லை, அவள் மகன்களும் காலமாகிவிட்டார்கள் என்றால் அவளுடைய அக்கா, தங்கை வழிக்குப் போக வேண்டும். அந்தக் கிளையைக் கண்டுபிடிக்கவே கீழே சொல்லும் காகித வேலை.

அம்மா தன் தாய்மாமனையே கட்டியிருக்கிறார். சோதனையில் குழப்பம் வருமா?

குழப்பம் வராது, செலவு மிச்சமாகும். அக்கா மகளைத் தாய்மாமன் கட்டினால் கணவன், மனைவி இருவரிடமும் இருப்பது ஒரே பெண்ணிடமிருந்து வந்த வளையம். அந்தப் பிள்ளைக்கு அப்பாவைப் பெற்ற பாட்டியும் அம்மாவின் அம்மாயியும் ஒரே ஆள். ஆகவே ‘அப்பா வழிப் பாட்டிக்கு ஒன்று, அம்மா வழிக்கு ஒன்று’ என்று இரண்டு சோதனைக்குப் பணம் கட்ட வேண்டாம்.

மாமன் மகள், அத்தை மகன் திருமணம் வேறு மாதிரி. பையனிடம் இருப்பது அவன் அம்மா வழி, அதுவே அவன் மாமனிடமும் இருக்கும். பெண்ணிடம் இருப்பது மாமியின் வழி. பிள்ளைகளுக்கு மாமியின் வழிதான் போகும். நான்கு தலைமுறையாக ‘வெளியே போகாமல்’ கொண்டும் கொடுத்தும் வந்த குடும்பத்தில்கூட வளையம் மாறியிருக்கலாம். சோதனை முடிவு எதிர்பார்த்ததுபோல் வராதபோது முதலில் இந்த முடிச்சை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். ஆய்வகத்தைச் சந்தேகிப்பது அதற்குப் பிறகு.

பெண்களின் பெயரை எங்கே தேடுவது? பத்திரத்தில் எல்லாம் ஆண் பெயர்தானே?

ஆமாம். பட்டாவிலும் கிரயப் பத்திரத்திலும் ‘இன்னார் மகன்’, ‘இன்னார் மனைவி’ என்றுதான் இருக்கும். பெண்ணுக்கு அம்மா பெயர் வராது. ஆனால் சில இடங்களில் வரும், அவற்றைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

தாய் மகளுக்கு எழுதிய தான செட்டில்மெண்ட் பத்திரம் கிடைத்தால் அதைவிட நல்ல சான்று இல்லை. ஒரே தாளில் இரண்டு தலைமுறைப் பெண்கள் பெயரோடு இருப்பார்கள். வாரிசுச் சான்றிதழில் இறந்த பெண்ணின் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். தேவாலய ஞானஸ்நானப் பதிவேட்டில் தாயின் பெயர் இருக்கும். பழைய ஜாதக நோட்டுகளையும் தூக்கிப் போடாதீர்கள்.

அடுத்தது மொய் நோட்டு. தாய்மாமன் சீர் கல்யாணப் பெண்ணுடைய அம்மா பிறந்த வீட்டிலிருந்து வருவது. அந்தச் சீரை யார், எந்த ஊரிலிருந்து கொண்டுவந்தார் என்று பார்த்தால் அம்மாவின் பிறந்த வீடு கிடைத்துவிடும். பழைய கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் தனியாக அச்சாகியிருக்கும். நோட்டும் இல்லை, பத்திரிகையும் இல்லை என்றால் வயதான பெண்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: ‘அந்தப் பாட்டி செத்தப்போ பிறந்த வீட்டுக் கோடி யார் போட்டாங்க?’ பெயர் மறந்தவர்களுக்கும் எந்த ஊரிலிருந்து கோடிச் சேலை வந்தது என்பது நினைவிருக்கும். பங்காளிகளைக் கேட்டால் பெண் கொடுத்த கதை பாதிதான் வரும். கட்டிக்கொண்டு வந்த பெண்களைக் கேளுங்கள்.

எழுதும்போது ஒவ்வொரு பெண்ணுக்கும் நான்கு விவரம் போதும்: கூப்பிட்ட பெயர், பதிவில் உள்ள பெயர், பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர். ஆத்தூர், ஓமலூர் பக்கம் ஒரே பெயரில் பல சிற்றூர்கள் இருப்பதால் வட்டத்தின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். இந்த வேலையைச் சோதனைக்கு முன்னால் முடியுங்கள். வளையம் இன்னும் ஐம்பது வருடம் கழித்தும் உங்கள் பேத்தியிடம் இருக்கும். கோடி போட்ட ஊரைச் சொல்லும் பாட்டி இருக்க மாட்டார்.

எந்த வகைச் சோதனை எடுப்பது?

மூன்று வகை உண்டு. முதல் வகை சில்லுச் சோதனை. பொதுவான பூர்வீகச் சோதனைகளில் வருவது இதுதான். வளையத்தில் முன்பே தேர்ந்தெடுத்த இடங்களை மட்டும் பார்த்து, உலகத் தாய்வழி மரத்தில் நீங்கள் சேர்ந்த ஹாப்லோகுழு என்னும் பெரும் கிளையின் பெயரைச் சொல்லும். சில்லில் இல்லாத உட்கிளை உங்களுடையதாக இருந்தால் மேல்மட்டத்தோடு நின்றுவிடும். தென்னிந்தியர்களுக்கு வெறும் ‘எம்’ என்று முடிவு வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இரண்டாவது, எச்விஆர்1, எச்விஆர்2 என்ற வேகமாக மாறும் பகுதிகளை மட்டும் படிப்பது. மொத்தம் சில நூறு எழுத்துகள். 1990களில் இதுதான் வழக்கம். இன்று இதற்காகப் பணம் கட்டுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். தொடர்பில்லாத கிளைகள் இந்தப் பகுதியில் ஒரே மாதிரி தெரிவதுண்டு.

மூன்றாவது, முழு வளையத்தையும் படிப்பது. தாய்வழித் தேடலுக்கு இதுதான் சரி. ஏற்கெனவே முழு மரபணுத் தொகுப்பும் படித்திருந்தால் தனியாக எடுக்க வேண்டாம், அந்தக் கோப்பிலேயே வளையம் இருக்கும். ஒரு செல்லில் உட்கரு டிஎன்ஏ இரண்டு பிரதிதான், வளையம் நூற்றுக்கணக்கில் உண்டு. அதனால் 30 மடங்கு ஆழத்தில், அதாவது ஒவ்வொரு எழுத்தையும் சராசரியாக 30 முறை படித்த கோப்பில்கூட வளையம் அதைவிடப் பல மடங்கு ஆழமாகப் பதிவாகியிருக்கும்.

எதை எடுத்தாலும் பணம் கட்டும் முன் ஒன்றைக் கேளுங்கள்: ‘மூலக் கோப்பைத் தருவீர்களா?’ வண்ணப் படம் போட்ட அறிக்கை மட்டும் தருகிறவர்களிடம் போக வேண்டாம். பத்து வருடம் கழித்து மரபு மரம் விரிவடையும்போது அறிக்கை பழசாகிவிடும், மூலக் கோப்பு அப்படியே பயன்படும்.

வீட்டில் மாதிரி எடுக்கும்போது எங்கே பிசகும்?

பெரும்பாலும் வாயில்தான். மாதிரி எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து சாப்பிடக்கூடாது, டீ குடிக்கக்கூடாது. வெற்றிலை பாக்கு, புகையிலை போடும் பெரியவர்களுக்கு அரை மணி போதாது. பாக்கில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் ஆய்வகத்தில் டிஎன்ஏவைப் பெருக்கும் வேலையைத் தடுக்கும். அவர்களுக்குக் காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் நன்றாகக் கொப்பளிக்கச் சொல்லி, பத்து நிமிடம் கழித்து எடுப்பது நல்லது.

எச்சில் குழாயில் பெரும்பாலும் 2 மில்லி கேட்பார்கள். நுரை கணக்கில் சேராது, திரவம் கோட்டைத் தொட வேண்டும். வாய் உலர்ந்த முதியவர்களுக்குக் கன்னத்தை வெளியிலிருந்து மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தாலும் எச்சில் ஊறும், வாயில் மட்டும் பிழிய வேண்டாம். அப்படியும் முடியாதென்றால் பஞ்சுக் குச்சி கேட்டு வாங்கி, ஒவ்வொரு கன்னத்தின் உட்புறமும் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் அழுத்தித் தேய்க்கலாம்.

காப்புத் திரவம் கலந்த குழாய் சாதாரண வெயிலைத் தாங்கும். ஆனாலும் சித்திரை வெயிலில் சேலத்தில் வண்டி டிக்கியில் போட்டு நாள் முழுக்கச் சுற்றாதீர்கள். மூடியில் உள்ள திரவம் முழுவதும் எச்சிலோடு கலந்ததா என்று குலுக்கிப் பாருங்கள். கலக்காத குழாய்தான் வெயிலில் கெடும். பஞ்சுக் குச்சிக்கு எதிரி ஈரம். ஏற்காட்டில் மழை மாதங்களில் மூடுபனிக்குள் அது சீக்கிரம் காயாது. அறைக்குள் மின்விசிறிக்கடியில், எதிலும் படாமல் நன்றாகக் காயவிட்டு, காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். நேர் வெயிலில் காயவைத்தால் புற ஊதாக்கதிர் டிஎன்ஏவைச் சிதைக்கும்.

ஒரே நாளில் நான்கு பேருக்கு எடுப்பதென்றால் ஒருவர் முடித்து, ஒட்டி, பெயர் எழுதிய பிறகே அடுத்தவர் உறையைப் பிரியுங்கள். அக்கா மாதிரியும் அத்தை மாதிரியும் இடம் மாறினால் ஆய்வகத்தால் அதைக் கண்டுபிடித்துச் சொல்ல முடியாது.

கோப்பு வந்துவிட்டது. நிறைய மாற்றங்கள் இருப்பதாகக் காட்டுகிறதே, நோயா?

இல்லை. உங்கள் வளையத்தை ஒரு மேற்கோள் வரிசையோடு ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களை மட்டும் எண்ணாகத் தருகிறார்கள். அந்த மேற்கோள் 1981இல் கேம்பிரிட்ஜில் வெளியாகி 1999இல் திருத்தப்பட்டது. அது எச் என்ற ஐரோப்பியக் கிளையைச் சேர்ந்த வளையம். அதில் சில எழுத்துகள் அரிதானவை. அதனால் 263, 750, 1438, 4769, 8860, 15326 ஆகிய இடங்களில் உலகத்தில் ஏறக்குறைய எல்லோருக்குமே ‘மாற்றம்’ என்று வரும். உண்மையில் விலகியிருப்பது மேற்கோள்தான். நம் கிளைகள் எச் கிளையிலிருந்து வெகு தூரம் தள்ளியிருப்பதால் முப்பது, நாற்பது வேறுபாடுகள் வருவது சாதாரணம்.

ஹாப்லோகிரெப் என்ற இலவசக் கருவியில் ஃபாஸ்டா அல்லது விசிஎஃப் வடிவில் உள்ள மூலக் கோப்பை ஏற்றினால் கிளையின் பெயரும் 0.5 முதல் 1 வரை ஒரு தர மதிப்பும் கிடைக்கும். 0.9க்கு மேல் இருந்தால் நம்பலாம். 0.8க்குக் கீழே போனால் நின்று காரணம் தேடுங்கள். வழக்கமான காரணங்கள் மூன்று.

ஒன்று, எச்விஆர் பகுதி மட்டும் உள்ள கோப்பை, எந்த இடம் முதல் எந்த இடம் வரை என்று சொல்லாமல் ஏற்றியிருப்பீர்கள். மற்ற இடங்களில் மாற்றமே இல்லை என்று கருவி எடுத்துக்கொள்ளும். இரண்டு, எச்ஜி19 என்ற பழைய மனித மரபணு மேற்கோள் தொகுப்பின் ஒரு பதிப்பில் வளையத்துக்கு 16,571 எழுத்து நீளமுள்ள வேறு மேற்கோளை வைத்திருந்தார்கள். அதோடு ஒப்பிட்ட கோப்பில் இட எண்கள் ஒன்றிரண்டு தள்ளிப்போகும். கோப்பின் தலைப்பில் நீளம் 16,569 என்று இருக்கிறதா பாருங்கள். மூன்று, மாதிரியில் இன்னொருவர் டிஎன்ஏ கலந்திருக்கும். ஒரே கோப்பில் இரண்டு கிளைகளின் அடையாளமும் பாதிப் பாதியாகத் தெரியும். புது மாதிரிதான் தீர்வு.

309, 315ஐ ஒட்டிய கூடுதல் சி எழுத்துகளையும் 16519ஐயும் பொருட்படுத்த வேண்டாம். அவை அடிக்கடி தானாக மாறும் இடங்கள். 16189இல் டி சியாக மாறியிருந்தால் அங்கே சி எழுத்துகள் நீளமாகத் தொடர்ந்து, பழைய முறையில் படிக்கும் இயந்திரம் தடுமாறும். எழுத்துக்குப் பதில் ஒய் அல்லது ஆர் என்று இருந்தால் அந்த இடத்தில் உங்கள் செல்களில் இரண்டு வகை வளையங்கள் கலந்திருக்கின்றன என்று பொருள்.

‘எம்’ என்று வந்திருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கம் கண்டுபிடித்த எம்130 இதுதானா?

இல்லவே இல்லை. இந்தக் குழப்பம் தமிழ்நாட்டில் மட்டும் இவ்வளவு பரவியிருப்பதற்குக் காரணம் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் ஜோதிமாணிக்கம் என்ற ஊரில் கண்டது ஒய் குரோமோசோமில் உள்ள ஒரு அடையாளக் குறி. அது அப்பாவிடமிருந்து மகனுக்குப் போவது. அங்கே ‘எம்’ என்பது குறிகளுக்கு இட்ட வரிசைப் பெயர். இங்கே எம் என்பது தாய்வழி மரத்தின் ஒரு பெருங்கிளை. இரண்டுக்கும் எழுத்தைத் தவிர உறவு கிடையாது.

ஆப்பிரிக்காவில் எல் என்று தொடங்கும் கிளைகளில் எல்3 என்பதிலிருந்து எம், என் என்று இரண்டு கிளைகள் பிரிந்து வெளியே பரவின. என் கிளையிலிருந்து ஆர் வந்தது. இந்தியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் எம். உங்கள் கோப்பில் 489சி, 10400டி, 14783சி, 15043ஏ நான்கும் இருந்தால் நீங்கள் எம்தான், சந்தேகமில்லை. 12705, 16223 இரண்டிலும் மாற்றமே இல்லையென்றால் ஆர் பக்கம். எம்2, ஆர்5, யு2வின் ஏ, பி, சி கிளைகள் எல்லாம் இந்தத் துணைக்கண்டத்திலேயே பல பத்தாயிரம் ஆண்டுகளாக வேரூன்றியவை. வெறும் எம் என்பதோடு திருப்தி அடையாதீர்கள். எழுத்துக்குப் பின்னால் எண்களும் எழுத்துகளும் எவ்வளவு நீளுகின்றனவோ அவ்வளவு அண்மைக் காலம் தெரியும்.

சேர்வராயன் மலை மலையாளி மக்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்கிறார்களே, இதில் உறுதி செய்ய முடியுமா?

இங்கே மலையாளி என்றால் மலையை ஆள்பவர், தமிழ் பேசும் பழங்குடியினர். கேரளத்தோடு குழப்ப வேண்டாம். அவர்கள் வாய்மொழி வழக்கில் காஞ்சியிலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பிகள் சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை என்று பிரிந்து குடியேறினார்கள். அந்த வழக்கின் சில வடிவங்களில், வந்த இடத்தில் வேறு குலத்துப் பெண்களை மணந்தார்கள்.

கதையைக் கூர்ந்து கேளுங்கள். வந்தவர்கள் ஆண்கள். தாய்வழி வளையம் பேசுவது அந்த மனைவிமாரைப் பற்றி. ஆகவே மலையில் மிகப் பழைய கிளை ஒன்று கிடைத்தால் கதை பொய்யாகிவிடாது. சமவெளியில் உள்ள அதே கிளை கிடைத்தால் கதை நிரூபணமாகியும் விடாது. அண்ணன் தம்பிகளைத் தேட ஒய் குரோமோசோம் வேண்டும். அதிலும் ஊர்ப் பெயர் எழுதியிருக்காது.

எந்தச் சாதிக்கும் எந்த மொழிக்கும் தனி ஹாப்லோகுழு கிடையாது. இந்தக் கிளைகள் சாதிகள் தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்தவை. மலைக்கும் சேலத்து அக்ரகாரத்துக்கும் செவ்வாய்ப்பேட்டைக்கும் ஒரே கிளை வந்தால் வியப்பில்லை. ‘இது எங்கள் குலத்துக்கு மட்டும் உள்ள ரத்தம்’ என்று அறிக்கை எழுதித் தருகிறவர் யாராக இருந்தாலும் அவர் சொல்வது தவறு.

ஒருவரோடு முழு வளையமும் ஒத்துப்போகிறது. எத்தனை தலைமுறைச் சொந்தம்?

எண்ணிச் சொல்ல முடியாத அளவுக்கு மெதுவாக நகரும் கடிகாரம் இது. முழு வளையத்தில் சராசரியாக ஏறக்குறைய 3,600 ஆண்டுக்கு ஒரு எழுத்து மாறுகிறது என்பது பரவலாகப் பயன்படும் கணக்கு. ஆயிரம் ஆண்டு முன்பு பிரிந்த இரண்டு பெண்களின் வழியை எடுங்கள். இரு பக்கமும் சேர்த்து 2,000 ஆண்டு. அதற்குள் ஒரு மாற்றமும் நிகழாமல் இருக்க நூற்றுக்கு 57 வாய்ப்பு. அதாவது சோழர் காலத்தில் பிரிந்தவர்கள்கூட இன்று எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போகலாம்.

ஒரு எழுத்து வேறுபட்டால் சொந்தம் இல்லை என்றும் முடிவு கட்டாதீர்கள். 1485இல் போரில் இறந்த இங்கிலாந்து அரசர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்பு 2012இல் லெஸ்டர் நகரில் கிடைத்தது. அவருடைய சகோதரியின் பெண்வழி வந்த இருவரின் வளையத்தோடு ஒப்பிட்டார்கள். ஒருவர் முழுமையாக ஒத்துப்போனார், இன்னொருவருக்கு ஒரு எழுத்து மாறியிருந்தது. காகித வம்சாவளி இருந்ததால்தான் இரண்டையும் சொந்தம் என்று சொல்ல முடிந்தது. மொய் நோட்டைத் தேடச் சொல்வது இதனால்தான்.

முழு வளையத்தையும் பொதுத் தளத்தில் போடலாமா?

அவசரப்படாதீர்கள். கிளைப் பெயரைச் சொல்வதில் கேடில்லை. முழு வரிசையில் உடல்நலச் செய்தியும் உண்டு. 11778இல் ஜி ஏவாக மாறியிருந்தால் இளவயதில் பார்வை இழக்கும் ஒரு பரம்பரைக் கோளாறின் அபாயம் உண்டு. 3243இல் ஏ ஜியாக மாறினால் சர்க்கரை, காது கேளாமை முதல் கடுமையான நரம்புக் கோளாறு வரை வரலாம். 1555இல் ஏ ஜியாக மாறியவர்களுக்கு ஜென்டாமைசின், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஊசிகளால் நிரந்தரமாகக் காது போகக்கூடும். கடைசியாகச் சொன்னது இருந்தால் உங்கள் பெரியம்மா, சின்னம்மா வீட்டுப் பிள்ளைகளுக்கும் இருக்கும். அவர்களிடம் உடனே சொல்லுங்கள், மருத்துவரிடம் காட்டி மருத்துவ ஆய்வகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். அதே காரணத்தால், நீங்கள் வெளியிடுவது அவர்களுடைய செய்தியும்தான். கேட்டுவிட்டுப் போடுங்கள்.

பழைய எலும்பு, தலைமுடி, அஸ்தியிலிருந்து எடுக்க முடியுமா?

அஸ்தியில் முடியாது. சிதையின் சூடு டிஎன்ஏவை விட்டுவைக்காது. வேரில்லாத முடித்தண்டில் வளையம் மிஞ்சியிருக்கும், ஆனால் அதைப் படிக்கத் தனித்திறன் உள்ள ஆய்வகம் வேண்டும்.

தொல்லெலும்புக்கு நம் வெப்பமே பகை. ஹரியானாவின் ராக்கிகரியில் அறுபதுக்கும் மேற்பட்ட எலும்பு மாதிரிகளைச் சோதித்து, ஒரே ஒரு பெண்ணிடமிருந்துதான் பயனுள்ள டிஎன்ஏ கிடைத்தது. 2019இல் வெளியான அந்த ஆய்வில் அவள் தாய்வழி யு2பி2. இன்றும் இந்தியாவில் உள்ள கிளை அது. சேர்வராயனில் கிடைக்கும் வழவழப்பான கற்கோடரிகளில் டிஎன்ஏ எதுவும் இருக்காது. மலையில் பழைய கல்லறையோ தாழியோ கண்ணில் பட்டால் கை வைக்காமல் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். வெறுங்கையால் தொட்ட எலும்பில் தொட்டவரின் வளையம்தான் முதலில் கிடைக்கும்.

கல்லூரித் திட்டத்துக்காக மலைக் கிராமங்களில் மாதிரி சேகரிக்கலாமா?

நெறிமுறைக் குழுவின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஒரு குச்சிகூட எடுக்கக்கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. நாகலூர், மஞ்சக்குட்டை, வாழவந்தி என்று எந்த ஊருக்குப் போனாலும் முதலில் ஊர்ப் பெரியவர்களிடம் பேசுங்கள். ஆனால் ஊர் சம்மதித்தது தனி ஆள் சம்மதித்ததாக ஆகாது. ஒவ்வொருவரிடமும் தமிழில், அவர் வீட்டில் உட்கார்ந்து, எதற்கு, எங்கே போகும், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள், வேண்டாமென்றால் எப்படித் திரும்பப் பெறுவது என்று சொல்லுங்கள். கைநாட்டு வைப்பவருக்குப் படித்துக் காட்டும்போது உங்கள் குழுவில் இல்லாத ஒரு சாட்சி பக்கத்தில் இருக்கட்டும்.

ஒரே தாய்வழியில் இரண்டு பேரை எடுத்தால் உங்கள் எண்ணிக்கை பொய்யாகப் பெருகும். அதனால் ஒவ்வொருவரிடமும் அம்மாவின் அம்மாவுக்கு அம்மா பிறந்த ஊர் வரை கேட்டு, ஒத்துப்போனால் ஒருவரை மட்டும் எடுங்கள். முடிவு வந்ததும் அதே வீட்டுத் திண்ணைக்குத் திரும்பிப் போய் அவர்கள் மொழியில் விளக்கிச் சொல்லும் நாளையும் திட்டத்தின் தேதிகளில் முன்பே எழுதிவிடுங்கள்.